கூத்தாண்டவர் கண்

சென்ற இதழில் நண்பர் எழுதியிருந்த குறிப்பைப் படித்தவர்கள் அது யாரைக் குறிவைத்தது என்று என்னிடம் கேட்டார்கள். என்னை அல்ல, என்னைப் போன்றவர்கள் போகக்கூடிய திசையை. வீடியோ கலை என்பது இருட்டறையும் ப்ரொஜெக்டரும் குளிர்சாதனமும் வாய்த்தவர்களின் விளையாட்டு. படுகளத்தில் மண்ணால் படுத்துக் கிடக்கும் துரியோதனன் மேல் வேஷக்காரர்கள் ஏறி ஆடுவதை விடியற்காலையில் கண்ணெரியப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது எதற்கு. சாவைப் பற்றி அது புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறது என்பது அவர் வாதம். இதையே மூன்று வருஷத்துக்கு முன் இதே பக்கங்களில் நானும் சொன்னேன், இன்னும் கொஞ்சம் காட்டமாக. ஆகவே நண்பருக்குப் பதில் சொல்வதைவிட எனக்கு நானே பதில் சொல்லிக்கொள்ள வேண்டிய நிலை. அன்று சொன்னதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். மறுபாதியில் இன்னும் நிற்கிறேன். எந்தப் பாதி என்பதுதான் விஷயம்.

மாயா டெரனிலிருந்து தொடங்குகிறேன். வீடியோ என்ற சாதனம் வருவதற்கு முன்பே இறந்துபோனவர் என்று யாராவது ஆட்சேபிக்கலாம். ஆனால் நடனத்தையும் சாவையும் வைத்துக்கொண்டு இன்று வீடியோவில் செய்யப்படுகிறவற்றில் பாதி, 16 மில்லிமீட்டர் பிலிமில் அவர் செய்து பார்த்துவிட்டுப் போனதன் மிச்சம். 1917-ல் கீவ் நகரில் பிறந்து, குழந்தையாக அமெரிக்கா போய்ச் சேர்ந்து, 1961-ல் நியூயார்க்கில் இறந்தவர். காதரீன் டன்ஹாமின் நடனக்குழுவில் காரியதரிசி வேலை பார்த்தவர். (பேரேடு எழுதிப் பிழைக்கும் எனக்கு இதில் ஒரு சின்ன ஆறுதல்.) அவருடைய 'ரிச்சுவல் இன் டிரான்ஸ்ஃபிகர்ட் டைம்' 1946-ல் எடுத்தது. பதினைந்து நிமிஷம். சத்தம் கிடையாது. நான் அதை முதலில் பார்த்தது கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலை ஏறும் பஸ்ஸில், கைபேசியில். மலைமேல் கிளைக்கு என்னை அனுப்பியிருந்த சமயம். படம் மௌனம் என்பதால் காதில் எதையும் மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. பஸ்ஸின் இரைச்சலையே அதற்குக் கொடுத்துவிட்டுப் பார்த்தேன். பிறகு பலமுறை முறையாகப் பார்த்தாகிவிட்டது. முதல் தடவை புரிந்ததற்கு மேல் அதிகம் புரிந்ததாகச் சொல்ல முடியாது.

வாசலில் ஒரு பெண் நூல் சுற்ற அழைக்கிறாள். இன்னொருத்தி வருகிறாள், ரீட்டா கிறிஸ்டியானி என்ற நடனக்காரி. இவள் சுற்றச் சுற்ற எதிரே இருந்தவள் காணாமல் போகிறாள். அடுத்து ஒரு விருந்துக்கூடம். கறுப்பு முக்காட்டோடு, விதவையாக, இவள் நுழைகிறாள். கூடத்தில் யாரும் ஆடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வந்தவர்கள் கை கொடுக்கிறார்கள், தோளைத் தொடுகிறார்கள், ஒருவரை விட்டு ஒருவரிடம் நகர்கிறார்கள். எல்லா விருந்திலும் நடப்பதுதான். அதே கைநீட்டலை, அதே திரும்பலை டெரன் திரும்பத் திரும்ப ஒட்டுகிறார். நடுநடுவே உறைய வைக்கிறார். சற்று நேரத்தில் அது நடனமாகிவிட்டிருக்கிறது. எந்த வினாடியில் ஆயிற்று என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. பிறகு வெளியே, ஆட்டக்காரன் ஒருவன். அவன் பீடத்தில் சிலையாகிறான், சிலை உயிர் பெற்றுத் துரத்துகிறது, அவள் ஓடுகிறாள், ஓடுகிறவள் ஒரு கணம் கிறிஸ்டியானி, ஒரு கணம் டெரன். நீருக்குள் இறங்கி மூழ்குகிறாள். மூழ்கும்போது பிம்பம் நெகடிவுக்கு மாறுகிறது. கறுப்பு வெள்ளையாகிறது. விதவையின் உடை மணப்பெண்ணின் உடையாகி மிதந்து கீழே போகிறது. அவ்வளவுதான் படம்.

கூவாகம் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் முதுகுத்தண்டு சில்லிடும். எனக்குச் சில்லிட்டது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதிலிருந்து கூவாகம் எங்கள் மாவட்டக் கணக்கில் வந்துவிட்டது. அதற்கு முன்னும் உளுந்தூர்பேட்டை பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரம்தான். சித்திரை மாசத்துப் பௌர்ணமியை ஒட்டி, அரவானுக்கு மனைவிகளாகத் திருநங்கையர் தாலி கட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் மட்டுமல்ல; வேண்டுதல் வைத்த சுற்றுவட்டார ஆண்களும் பையன்களும் கட்டிக்கொள்வதுண்டு, பத்திரிகைப் புகைப்படங்களில் இவர்கள் வருவதில்லை. இரவு முழுவதும் கற்பூரக் குவியல்களைச் சுற்றிக் கும்மி. விடிந்ததும் தேர், அழிகளம், பலி. தாலி அறுகிறது, வளையல் உடைகிறது, ஒப்பாரி. குளித்து வெள்ளைச் சேலை. டெரனிடம் விதவை மணப்பெண்ணாகிறாள். இங்கே மணப்பெண் விதவையாகிறாள். ஒரே வாசல், வேறு வேறு பக்கமிருந்து நுழைகிறார்கள்.

இந்த ஒற்றுமையைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் மட்டும் நின்றுவிட்டால் அது விமர்சனமல்ல, குறுக்கெழுத்துப் போட்டி. வித்தியாசம்தான் முக்கியம். டெரனின் மாற்றத்தைச் செய்வது ரசாயனம். பிலிமுக்கு நெகடிவ் என்ற ஒன்று இருப்பதால், எல்லா வெள்ளைக்குள்ளும் ஒரு கறுப்பு ஏற்கெனவே ஒளிந்திருப்பதால், அது சாத்தியமாகிறது. கூவாகத்தில் அதைச் செய்வது கை. பூசாரியின் கை, கத்தி, கண்ணாடி வளையல், குளத்துத் தண்ணீர். ஒன்றில் காலம் புரண்டு படுக்கிறது. இன்னொன்றில் காலம் வந்த வழியே போய் முடிகிறது. வீடியோவில் நெகடிவ் கிடையாது. ஒரு பொத்தானை அமுக்கினால் நிறம் தலைகீழாகும், கைபேசியிலேயே ஆகும், ஆனால் அது எதற்குள்ளிருந்தும் வெளிவரவில்லை. அதனால்தான் இன்று வீடியோவில் யாராவது இந்த உத்தியைச் செய்தால் வெறும் சாயம் போலத் தெரிகிறது. டெரன் அதற்கு முந்தைய பதினான்கு நிமிஷமும் அந்த ஒரு மாற்றத்துக்கான பாக்கியைத் தவணை தவணையாகக் கட்டிக்கொண்டே வருகிறார். உத்தியின் மேல் எனக்கு எப்போதும் இருந்த சந்தேகம் இதனால் குறையவில்லை. உத்திக்கு முன்பணம் கட்டியிருக்கிறார்களா என்று பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

1953 அக்டோபரில் நியூயார்க்கில் கவிதையும் சினிமாவும் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. டெரன், டிலன் தாமஸ், ஆர்தர் மில்லர் முதலியவர்கள் மேடையில். கதை கிடையாகப் போகிறது, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு. கவிதை செங்குத்தாக ஒரே கணத்துக்குள் இறங்குகிறது, சினிமாவும் அப்படி இறங்க முடியும் என்பது டெரனின் நிலை. டிலன் தாமஸ் கேலி செய்தார், சபை சிரித்தது. சில நாட்களில், நவம்பர் 9-ஆம் தேதி, அதே நகரில் அவர் இறந்துபோனார். சாவு என்பதே நம் வாழ்வில் வரும் மிகச் செங்குத்தான கணம் என்று அன்று யாராவது அவருக்குப் பதில் சொல்லியிருக்கலாம். சபையில் சொல்லியிருந்தால் அதற்கும் சிரித்திருப்பார்கள்.

நம் பக்கத்தில் இதற்கு இணையாக நினைவுக்கு வருவது 1977-ல் வெங்கட் சாமிநாதன் திரைக்கதை எழுதி ஜான் ஆபிரகாம் எடுத்த 'அக்ரஹாரத்தில் கழுதை'. அதன் முடிவில் செத்த கழுதையின் மண்டையோட்டை வைத்து ஆடுகிறார்கள், தீ பரவுகிறது, அக்ரஹாரம் எரிகிறது. அந்தப் படத்துக்கு நம்மிடையே உள்ள மரியாதை எனக்கும் உண்டு. ஆனாலும் சொல்லியாக வேண்டும்: அந்த ஆட்டம் ஆட்டமாக என்னைத் தொட்டதில்லை. உடல்கள் அசைவதற்கு முன்பே அவை எதற்காக அசையப் போகின்றன என்று தெரிந்துவிடுகிறது. கருத்து முன்னால் ஓடுகிறது, கால்கள் அதைப் பின்தொடர்ந்து போகின்றன. அது அக்கினியின் வெற்றி, சிந்தனையின் வெற்றி. ஆடியவனின் வெற்றி அல்ல. இதைச் சொன்னால் நண்பர்கள் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

கூவாகத்துக்குத் திரும்புகிறேன். கோயிலில் சிவந்த முகமும் மீசையும் விழித்த கண்ணுமாக இருப்பது தலை. களபலிக்குச் சம்மதித்த அரவான் கேட்ட வரங்களில் ஒன்று, போர் முழுவதையும் தான் பார்க்க வேண்டும் என்பது. பெருந்தேவனாரின் பாரத வெண்பாக் காலத்திலிருந்தே, அதாவது 9-ஆம் நூற்றாண்டிலிருந்தே, அரவான் களபலி தமிழில் இருக்கிறது. உடம்பு போய்விட்டது, தலை இருந்து பதினெட்டு நாள் பார்க்கிறது. கையில்லை, காலில்லை. ஒருவரையும் தடுக்க முடியாது, ஒருவருக்கும் உதவ முடியாது. கண் மட்டும். கூத்தாண்டவர் என்ற பெயருக்கு ஊரில் கூத்தாசுரன் கதை சொல்கிறார்கள்; இருக்கலாம். எனக்கு அந்தத் தலையைப் பார்த்தபோது தோன்றியது காமிராதான். காமிராவின் நிலை அதுதானே. எதிரே ஆடுகிறவர்கள், சாகிறவர்கள், இது பார்க்கிறது.

ஆனால் அரவான் அந்தப் பார்வைக்கு உடம்பை விலையாகக் கொடுத்தான். கூவாகத்தில் கும்மி வட்டத்தைச் சுற்றி இன்னொரு வட்டமாக நெருக்கிக்கொண்டு நின்ற காமிராக்காரர்கள் என்ன கொடுத்தார்கள்? நான் போன இரண்டு தடவையும் பார்த்தது இதைத்தான். மறுநாள் காலை அழிகளத்தில் அழுகிறவரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் லென்ஸ். அழுகிறவர் கையால் மறைக்கிறார். லென்ஸ் மறுபக்கம் சுற்றி வருகிறது. அந்தப் படங்கள் எத்தனை நேர்த்தியாக இருந்தாலும் எனக்கு அவை பார்வையில்லை, கொள்முதல். என் பழைய கட்டுரையில் நான் காமிராவையே குற்றவாளியாக்கினேன். தவறு. கேட்க வேண்டியிருந்தது விலையை.

டெரன் விலை கொடுத்தவர். 1946-ல் கிடைத்த குகன்ஹைம் நிதியுதவியோடு 1947-ல் ஹெய்ட்டி போனார், அங்குள்ள வூடூ சடங்கு நடனங்களைத் தன் கலைப்படம் ஒன்றுக்குள் கொண்டுவருவதற்காக. அங்கே கெடே என்ற தெய்வம், சாவுக்கும் அதுவே அதிபதி, காமத்துக்கும் அதுவே அதிபதி. சாவு வீட்டில் கெட்ட வார்த்தை பேசி இடுப்பை ஆட்டிச் சிரிக்க வைக்கும் தெய்வம். நம் சாவுமேளக்காரர்களைக் கவனித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பலமுறை போய்ப் படம் எடுத்தார். ஆனால் தான் நினைத்து வந்த கலைப்படத்துக்கு அந்த நடனங்கள் இடம் கொடுக்கவில்லை என்பதைக் கண்டுகொண்டு அதைக் கைவிட்டார். 1953-ல் வந்தது படமல்ல, புத்தகம். பிலிம் சுருள்கள் தொகுக்கப்படாமல் கிடந்தன. அவர் இறந்த பிறகுதான் டெய்ஜி இடோவும் ஷெரல் இடோவும் அவற்றை ஒட்டி, புத்தகத்திலிருந்து எடுத்த வாசகங்களைப் பின்குரலாக ஏற்றி வெளியிட்டார்கள். பயனுள்ள காரியம்தான். ஆனால் எடுத்ததை எடுத்தபடி விட்டுவிட்ட அந்தக் கை தயங்கிய தயக்கம் அதில் இல்லை.

இனி வீடியோ. நளினி மலானியின் 'ஹாம்லெட்மெஷின்' 2000-ஆம் ஆண்டு. ஜெர்மன் நாடகாசிரியர் ஹைனர் முல்லரின் 1977-ஆம் ஆண்டுப் பிரதியை எடுத்துக்கொண்டு, ஜப்பானில் புட்டோ நடனக்காரர் ஹராடா நொபுவோவோடு செய்தது. சுவர்களில் பிம்பங்கள், தரையில் பரப்பிய உப்பின் மேலும் ஒரு பிம்பம். நான் இதை அறையில் பார்க்கவில்லை, பதிவின் பதிவாகத்தான் பார்த்திருக்கிறேன். கள்ளக்குறிச்சிக்கு எல்லாமே இரண்டாம் கையாகத்தான் வரும், நவீன ஐரோப்பியக் கவிதையும் அப்படித்தான் வந்தது. புட்டோ பற்றி ஒரு வார்த்தை. 1959-ல் ஹிஜிகாட்டா தட்சுமி தொடங்கிவைத்தது; போருக்குப் பின்னான ஜப்பானில், அழகான உடலுக்கும் மேற்கத்திய நடனத்துக்கும் முதுகைக் காட்டி, நோயும் முதுமையும் சாவும் ஏறிய உடலை ஆடவிட்டது. அதன் இன்னொரு பெரியவர் ஓனோ கசுவோ 1977-ல், தன் 71-ஆம் வயதில், பெண்ணுடை தரித்து, தான் இளமையில் பார்த்திருந்த, இறந்துபோன ஸ்பானிய நடனக்காரி ஒருத்தியை ஆடினார். ஸ்திரீ பார்ட் என்பது நம் கூத்துக்கு மட்டும் சொந்தமல்ல.

மலானியின் உப்புதான் என்னைப் பிடித்துக்கொண்டது. இந்தியப் பார்வையாளனுக்கு உப்பு என்றால் தண்டி. கலவரங்களின் காலத்தில், செயல்பட முடியாத ஹாம்லெட்டின் பிம்பம் அந்த உப்பின் மேல் விழுகிறது என்றால் அரசியல் அர்த்தம் தெளிவு. ஆனால் எங்கள் பக்கத்தில் குழிக்குள் உடலை இறக்கிய பிறகு உப்பைக் கொட்டுகிறார்கள். சிறுவயதில் என் தாத்தாவின் குழியில் மூட்டையிலிருந்து உப்பு சரிந்து விழுந்த ஓசை இன்னும் காதில் இருக்கிறது. உப்பின் மேல் ஓர் ஆட்டக்காரனின் பிம்பம் நெளியும்போது எனக்கு அது குழிக்குள் எட்டிப் பார்ப்பது. மலானி இதை நினைத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பொருளைப் பொருளாகவே வைத்தால், அது தனக்குத் தெரிந்ததையெல்லாம் பேசும். நல்ல கவிதையில் ஒரு சொல் பேசுவதுபோல. சுவரில் விழும் பிம்பங்களைவிட உப்பில் விழுந்த பிம்பம் பெரிய படைப்பாவது இதனால்தான். திரை வெறும் திரையாக இல்லை. அதற்கும் ஓர் எடை இருக்கிறது.

எனக்கு ஒத்துக்கொள்ளாமல் இருப்பது சுழல். கொச்சி பினாலேக்கு ஒருமுறை லீவு போட்டுவிட்டுப் போனேன். ஆஸ்பின்வால் மாளிகையின் இருட்டறைகளில், எல்லா வீடியோவும் முடிந்த இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறது. நாம் நடுவில் நுழைகிறோம், நடுவில் வெளியேறுகிறோம். கூத்திலும் நடுவில் தூங்கி விழிப்பவர்கள்தானே என்று சமாதானம் சொல்லலாம். சாவைப் பற்றிய படைப்புக்கு இந்தச் சமாதானம் செல்லாது. ஏழு நிமிஷத்தில் விழுந்தவன் எட்டாவது நிமிஷத்தில் எழுந்து நிற்கிறான். அரவானும் வருஷா வருஷம் சாகிறான், உண்மை. ஆனால் இடையில் ஒரு வருஷம் இருக்கிறது. அந்த வருஷத்தில் அறுவடை, வட்டி, வேறு சாவுகள். சுழலில் இடையே எதுவும் இல்லை. பில் வயோலா, 'நான்ட் டிரிப்டிக்' என்ற 1992-ஆம் ஆண்டுப் படைப்பில், ஒரு பக்கம் பிரசவத்தையும் மறுபக்கம் தன் தாயின் மரணப் படுக்கையையும் வைத்து, நடுவில் நீருக்குள் மிதக்கும் ஒரு மனித உடலை வைத்தார். நீருக்குள் அந்த உடல் திரும்புவதை நடனம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. அங்கும் தாய் மறுபடி மறுபடி இறக்கிறாள். மூன்று திரையும் ஒரே நேரத்தில் ஓடுவதால் அங்கே அது அவ்வளவு உறுத்தவில்லை. பிறப்பும் அருகிலேயே நடந்துகொண்டிருக்கிறது. பொதுவாக நம் நண்பரின் குற்றச்சாட்டில் நியாயமிருப்பது இந்த இடத்தில்தான். குளிர்சாதனத்தை அவர் குறை சொல்லியிருக்க வேண்டியதில்லை. சுழலைச் சொல்லியிருக்கலாம்.

2024 ஜூலையில் வயோலா இறந்தார். அதற்கு முந்தைய மாதம் எங்கள் ஊரில் நடந்ததை எல்லோரும் அறிவார்கள். கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து, சுற்றுவட்டாரத்திலும் சேர்த்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் கூலி வேலை செய்கிறவர்கள். கோமுகி ஆற்றோரம் வரிசையாகச் சிதை வைத்தார்கள். நான் போகவில்லை. அதே ஊரில் இருந்துகொண்டே டி.வி.யில் பார்த்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் மேலே உள்ள எதையும் எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஒரு சேனலில் சிதைகளின் காட்சிக்கு அடியில் வயலின் போட்டிருந்தார்கள். மெதுவாக ஓடவிட்ட புகை, வயலின். திரும்பத் திரும்ப. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அதே ஆள் அதே இடத்தில் நெஞ்சில் அடித்துக்கொண்டார். கூவாகத்தில் நான் வெறுத்த லென்ஸ்களில் ஒன்றாக, என் நாற்காலியில் உட்கார்ந்தபடி, நான் இருந்தேன். அப்புறம் சில மாதம் 'கலையில் சாவு' என்ற மாதிரித் தலைப்புகளில் ஒன்றும் எழுத முடியவில்லை.

சென்ற வருஷம் என் பெரியப்பா இறந்தார். 78 வயது, கல்யாணச் சாவு. பிள்ளைகள் ஊரறியச் செய்தார்கள்: தேர்ப்பாடை, வெடி, மேளம், ஸ்டூடியோக்காரர். பாடையோடு கூடவே மேலே ஒரு டிரோன் பறந்து வந்தது, பறவைகள் போய்விட்டன. கருமாதி முடிந்து பென்டிரைவ் வந்தது. சுமார் நாற்பது நிமிஷம். ஆரம்பத்தில் பெரியப்பா முகம் மேகத்துக்கு நடுவிலிருந்து வருகிறது. தெருவில் இறைத்த பூ போதாதென்று திரை முழுக்கக் கம்ப்யூட்டர் பூ வேறு உதிர்கிறது. எல்லோரும் பார்த்து அழுதார்கள். நானும் அழுதேன், நல்ல மனுஷர். மேளக்காரர்கள் ஆடும் பகுதி வந்தபோதுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது. ஐந்து பேர் பறை அடித்து ஆடுகிறார்கள், நடுவில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் முழங்கால் மடக்கிச் சுழல்கிறார். பறை ஓசையை எடுத்துவிட்டு ஸ்டூடியோக்காரர் ஒரு சினிமா சோகப் பாட்டைப் போட்டிருக்கிறார். ஆட்டக்காரரின் தலை பாதி நேரம் சட்டகத்துக்கு வெளியே. காமிரா எங்கள் சொந்தக்காரர்களைத் தேடிக்கொண்டிருந்தது.

வீட்டார் தூங்கிய பிறகு பாட்டையும் நிறுத்திவிட்டு அந்த நாலு நிமிஷத்தை மட்டும் பார்த்தேன். டெரனுடைய விருந்துக்கூடம். சத்தமில்லாத தெருவில், தலையில்லாத ஓர் உடல், பின்னால் பாடை, ஓரத்தில் டீ குடிக்கிறவர்கள், துண்டை உதறிப் போடும் என் மாமா, ஒரு நாய். எல்லாம் ஒரு லயத்தில் இருந்தன, அந்த லயம் எங்கேயிருந்து வருகிறதென்று கேட்கவில்லை. வீடியோவிலிருந்து எனக்குக் கிடைத்த மிக ஆழமான அனுபவம் இதுதான் என்றால் நண்பர்கள் சிரிப்பார்கள். எடுத்தவருக்கு அது தெரியாது, எடிட் செய்தவருக்குத் தெரியாது. கலை என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் கலையில் நான் தேடுவது அதில் இருந்தது.

ஒரு மாதம் கழித்து அந்த ஆட்டக்காரர் எங்கள் கிளைக்கு வந்தார், நகைக்கடனுக்கு வட்டி கட்ட. முழு உருவமாக, தலையோடு. கூட்டம் குறைந்திருந்த நேரம். "அண்ணே, பெரியப்பா காரியத்துக்கு நீங்கதான வந்தீங்க?" என்றேன். "ஆமாங்க சார்" என்றார். கைபேசியில் அந்தப் பகுதியைப் பாட்டோடு காட்டினேன், பிறகு பாட்டை நிறுத்திவிட்டுக் காட்டினேன். குனிந்து இரண்டு தடவையும் முழுதாகப் பார்த்தார்.

"காலு என்னுதுதான் சார். அடி என்னுது இல்லியே" என்றார் முதல் தடவை.

இரண்டாவது தடவை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கவுண்டர் பலகை மேல் விரலால் மெல்லத் தட்டிக் காட்டினார். "நான் நாலு போட்டு ஒண்ணு வுட்டு ஆடுவேன். இதுல வுட்டது தெரியுது சார். அடிச்சதுதான் தெரியல."

நடனம், காமிரா, சாவு பற்றி நான் படித்ததில் இதைவிடத் துல்லியமாக யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை. அடிக்காமல் விட்ட அந்த ஒன்றில்தான் உடல் நிற்கிறது, திரும்புகிறது, அடுத்ததற்கு மூச்சு எடுக்கிறது. சாவு வீட்டில் நிற்கிறவன் காதுக்கு அது கேட்காது. பறை அவனை இழுத்துக்கொண்டு போய்விடும். ஓசை போனதும் கண் அந்த இடைவெளியைப் பிடிக்கிறது. டெரன் வேண்டுமென்றே மௌனமாக வைத்தது, சிலையாக்கி உறைய வைத்தது எல்லாம் இந்த விட்டதைக் காட்டத்தான். படுகளத்தைப் பார்த்தவனுக்குக் காமிரா எதற்கு என்று கேட்ட நண்பருக்கு என் பதில் இது: விட்டதைப் பார்க்க. அது களத்தில் தெரியாது. மறுபாதியும் அதே வாக்கியத்திலிருந்துதான் வருகிறது: அடிச்சது தெரியவில்லை. ஓசையை எடுத்துவிடுவது வேறு, எடுத்த இடத்தில் இன்னொன்றைத் திணிப்பது வேறு. ஸ்டூடியோக்காரரின் பாட்டும் டி.வி. வயலினும், ஹெய்ட்டிப் பிலிமின் பின்குரலும்கூட, திணித்தவை. கண்ணுக்கு இடைவெளி தெரிந்துவிடக் கூடாது என்ற பயம் அவற்றில் இருக்கிறது.

அந்தப் பகுதியை அவருக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். "வேணாங்க சார். பசங்க பாத்தா திட்டுவானுங்க. இனிமே சாவுக்குப் போவக் கூடாதுன்றானுங்க" என்றார்.

பையன்கள் சொல்வது சரி. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயமே கிடையாது. ஒரு சாதியார் அடிக்க வேண்டும், மற்றவர் சாவுக்கு அடிக்க வேண்டும் என்ற விதிக்குள்ளிருந்து வந்தது அந்த லயம். அடிக்க மறுத்து உதை வாங்கியவர்களின் வரலாறும் அதில் உண்டு. பறை இன்று மேடையில் இருக்கிறது, கல்லூரிகளில் இருக்கிறது, பெண்கள் அடிக்கிறார்கள். 2025-ல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சந்தோஷம். இந்த மாற்றத்தை ஸோ ஷெரினியன் 2011-லேயே படமாக எடுத்திருக்கிறார். மேடைப் பறையில் ஐம்பது பேர் ஒரே அச்சாகத் திரும்புகிறார்கள், வுட்டது எல்லோருக்கும் ஒரே இடத்தில் வருகிறது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவரின் கணக்கு அவருடையது மட்டும். அது போய்விடுமே என்று எனக்குத் துக்கம் வந்தால், அந்தத் துக்கத்தை நான் எந்த முகத்தோடு அவர் பிள்ளைகளிடம் சொல்வேன்? எங்கள் காரியக் கணக்கு நோட்டில் 'மேளம்' என்று எழுதி அதற்கு நேரே தொகை போட்டவன் நான். பெயர் எழுதவில்லை. வெடிக்கும் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

அன்று மாலையே ஸ்டூடியோவுக்குப் போனேன். வெட்டாமல் எடுத்த மூலம் வேண்டும், அவர் அடித்த அடியோடு வேண்டும், பாட்டு ஏறாதது வேண்டும் என்று கேட்டேன். எதற்கென்று அவருக்குப் புரியவில்லை; பாட்டு நன்றாக வரவில்லையா, வேறு போட்டுத் தரட்டுமா என்றார். விளக்கிப் பார்த்தேன். கடைசியில் அலமாரியைத் திறந்து காட்டினார். அந்தக் கார்டை அழித்துவிட்டாராம். மறுநாள் ஒரு முகூர்த்தத்துக்கு வேண்டியிருந்தது.